ஐந்நூறுக்கு இறங்கட்டும்

டர்போ பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கெட்டுப்போவது அபூர்வம். நிறுத்துகிற சில நிமிடங்களில்தான் பெரும்பாலும் கெடுகிறது. வேக்குவம் சர்வீஸ் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் அலைந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பம்ப் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள்: நொடிக்கு எத்தனை லிட்டர் இழுக்கும், எவ்வளவு வேக்குவம் வரும், எத்தனை வருஷம் வாரண்டி? இழுத்த இடத்துக்குள் காற்றைத் திரும்ப எப்படி விடுவது என்று வாங்குவதற்கு முன்பே கேட்டவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

எனக்கு ஊர் பரவை. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில், வைகைக்கு வடகரையில் இருக்கிறது. அப்பா பஞ்சு மில்லில் ஃபிட்டர். பேரிங் சத்தத்தை வைத்தே எந்த மெஷின் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று சொல்லிவிடுவார். அந்தக் காலத்து ரிங் ஃபிரேமில் கதிர் நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் சுற்று ஓடும். அதுவே அவருக்குப் பெரிய வேகம். நான் பார்க்கும் பம்ப் நிமிடத்துக்கு அறுபதாயிரம் சுற்று என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "பேரிங் என்னத்துக்கு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். அது சரியான கேள்வி.

நான் தொழிலுக்குள் வந்த 1980-களின் கடைசியில் நம் பக்கத்துக் கல்லூரிகளில் டர்போ கிடையாது. மெல்லிய படலம் பூசும் ஆராய்ச்சி செய்த இடங்களில் இருந்தவை டிஃப்யூஷன் பம்ப் வைத்த கோட்டிங் யூனிட்டுகள். பெரும்பாலும் பெங்களூரின் ஹிண்ட் ஹை வேக்குவம் செய்தவை. 1965-ல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பன்னிரண்டு அங்குல மணிஜாடி யூனிட்டில் பூசிய படலத்தை வைத்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கீழே ஹீட்டர், அதன் மேல் எண்ணெய், சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய். அசையும் உறுப்பு எதுவும் இல்லை, அதனால் உடைவதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் வால்வுகளைத் திறந்து மூடும் வரிசை தவறினால், கொதிக்கும் எண்ணெய் மேல் காற்று பாயும். சாதா மினரல் எண்ணெய் என்றால் கருகிப்போகும். 704 சிலிகான் எண்ணெய் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் ஜாடிக்குள் தெறித்துவிட்டால் கழுவி எடுக்க ரெண்டு நாள். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கைசுடும். அந்தத் தண்ணீரை விட்டு பம்ப்பை எங்கே குளிர வைப்பது? ஐஸ் கட்டி வாங்கித் தொட்டியில் போட்டு ஆராய்ச்சி செய்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பம்ப்பில் பழகியவர்களிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. ஹீட்டரை அணைத்துவிட்டு அரைமணி, முக்கால்மணி சும்மா உட்கார்ந்திருக்க அவர்களுக்குத் தெரியும். டர்போ வந்தபோது அந்தப் பழக்கம்தான் முதலில் போனது.

டர்போவின் கதை கொஞ்சம் பழையது. சுழலும் பரப்பைக் கொண்டு வாயு மூலக்கூறுகளைத் தட்டி ஒரு பக்கமாகத் தள்ளலாம் என்று ஜெர்மனியின் கேடே 1912 வாக்கிலேயே செய்து காட்டிவிட்டார். அதை விமான எஞ்சின் டர்பைன் மாதிரி அடுக்கடுக்கான பிளேடுகளாக மாற்றி, ஓடக்கூடிய பம்ப்பாகக் கொண்டுவந்தவர் ஃபைஃபர் கம்பெனியின் வில்லி பெக்கர். 1958-ல் அது வெளிவந்தது. மதுரைப் பக்கம் வந்து சேர இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்தபோதும் தனிப் பம்ப்பாக வரவில்லை. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், ஹீலியம் லீக் டிடெக்டர் என்று ஏதாவது ஒரு பெரிய கருவியின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வந்தது. தனியாக வாங்கிப் பொருத்தியவர்கள் அப்புறம்தான்.

உள்ளே நடப்பதைக் கணக்காகச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய ரோட்டர் நொடிக்கு 1000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு நொடிக்கு 314 மீட்டர் வேகத்தில் போகிறது. அறையில் மிதக்கும் நைட்ரஜன் மூலக்கூறின் சராசரி வேகம் நொடிக்கு 470 மீட்டர் அளவில். மூலக்கூறின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட பிளேடும் ஓடுவதால்தான் அதை அடித்துக் கீழே அனுப்ப முடிகிறது. ஓடும் பிளேடுக்கும் நிற்கும் பிளேடுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. வேக்குவத்தில் ரோட்டர் தடையில்லாமல் ஓடும், பிளேடுக்குக் காற்றே தெரியாது. திடீரென்று காற்றைக் கொட்டினால் அந்த மெல்லிய பிளேடுகள் அழுத்தத்தில் வளையும், ரோட்டர் மொத்தமாக அச்சின் வாக்கில் தள்ளப்படும். ஒரு பிளேடு பக்கத்து வரிசையைத் தொட்டால் போதும், மற்றவை எல்லாம் அதோடு சேர்ந்து போகும்.

அப்படியானால் சுத்தமாக நின்ற பிறகு காற்றை விட்டால் ஆயிற்று என்று தோன்றும். தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் இதைத்தான் பத்திரமான வழி என்று நினைக்கிறார்கள். அதிலும் கேடு இருக்கிறது, மெதுவான கேடு. டர்போ தள்ளும் வாயுவை வெளியே இழுக்கக் கீழே எண்ணெய் ரோட்டரி பம்ப் இருக்கிறதல்லவா, அந்த எண்ணெய் ஆவி மேலே ஏறாமல் தடுத்துக்கொண்டிருப்பது சுழலும் ரோட்டர்தான். கனமான எண்ணெய் மூலக்கூறு ஓடும் டர்போவைத் தாண்டி மேலே வரவே முடியாது. ரோட்டர் நின்றுவிட்டால் வாசலில் காவல் இல்லை. உள்ளே வேக்குவம், வெளியே எண்ணெய். ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டுப் போனால் காலையில் சேம்பர் சுவரில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும். அதன் மேல் பூசிய தங்கம் ஒட்டாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் என்றால் எந்தச் சாம்பிளை வைத்தாலும் எண்ணெயின் கோடுகள் கூடவே வரும். ஒரு கல்லூரியில் ரசாயனம் மாசு, கண்ணாடி மாசு என்று மாதக்கணக்கில் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தினமும் சாயங்காலம் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம்.

ஆகவே முழு வேகத்தில் காற்று விடக்கூடாது, முழுதாக நின்ற பிறகும் கூடாது. மோட்டாரை நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரின் எண் 1000-லிருந்து 500-க்கு இறங்கும்வரை பார்த்திருக்க வேண்டும். ரோட்டரி பம்ப்புக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, ரோட்டரியை நிறுத்திவிட்டு, மேல் பக்கமிருந்தோ பம்ப் உடம்பிலேயே கொடுத்திருக்கும் சிறு துளை வழியாகவோ காய்ந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கீழே ரோட்டரி இருக்கும் பக்கமிருந்து ஒருபோதும் விடக்கூடாது, விட்டால் அங்கே தேங்கியிருக்கும் எண்ணெயை நாமே மேலே ஊதி அனுப்புகிறோம். சுழற்சி இருக்கும்போதே வாயு நிரம்புவதால் எண்ணெய்க்கு ஏற வழியில்லை. வேகம் பாதியாகிவிட்டதால் பிளேடின் மேல் விழும் சுமையும் குறைவு. எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஓர் அளவு சொல்லும். நான் அதிகம் புழங்கியவற்றில் நொடிக்கு 15 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் ஏறக்கூடாது என்று இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் 1013 மில்லிபார். வகுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு நிமிடத்தைச் சேமிக்கப் போய்த்தான் லட்சங்களை இழக்கிறார்கள்.

ஒரு கல்லூரி லேப் அட்டெண்டருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் போனபோது கணக்கும் மில்லிபாரும் அவருக்கு ஏறவில்லை. மேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். "அண்ணே, கண்மாய் நிறைஞ்சிருக்கும்போது மடையை ஒரேயடியாத் தூக்கினா என்னாகும்?" என்று கேட்டேன்.

"வரப்பு வாய்க்கா எல்லாம் பிச்சுக்கிட்டுப் போயிரும்."

"இங்க கண்மாய் வெளிய இருக்கு, வயல் உள்ள இருக்கு. அம்புட்டுத்தான்."

"அப்ப பையத் தூக்கணும்னு சொல்லுங்க தம்பி. இதுக்கு எதுக்கு மூணு பக்கம் இங்கிலீசு?"

அதற்குப் பிறகு அந்த லேபிலிருந்து வென்ட், அதாவது காற்று விடுவது, சம்பந்தமாக எனக்கு அழைப்பே வந்ததில்லை. ஊசி வால்வைக் கால் திருகு திருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆராய்ச்சி மாணவர்கள் அவசரப்படுத்தினால், "ஐந்நூறுக்கு இறங்கட்டும் தம்பி" என்பார். பேராசிரியர் வந்து சொன்னாலும் அதே பதில்தான்.

இன்னொரு இடத்தில் நடந்தது வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் கைடிடம் காட்ட வேண்டிய சாம்பிள். பையன் தனியாக இருந்திருக்கிறான். சேம்பருக்கும் பம்ப்புக்கும் நடுவில் கேட் வால்வு இல்லை, செலவைக் குறைக்க அதை ஆர்டரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். டர்போ முழு வேகத்தில் இருக்கும்போதே சேம்பர் வென்ட் வால்வை முழுக்கத் திறந்துவிட்டான். நான் திங்கட்கிழமை போனபோது பம்ப் மேஜைக்கு அடியில் சாய்ந்து கிடந்தது. உள்ளே பிளேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, அலுமினியச் சுருள்தான்.

பம்ப் ஏன் கீழே கிடந்தது என்பதுதான் அங்கே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. நொடிக்கு ஆயிரம் சுற்று ஓடிய ரோட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் நின்றால், அந்தச் சுழற்சி வேறெங்கும் போகாது, பம்ப்பின் உடம்பைத் திருகும். அதனால்தான் ஃபிளாஞ்சுக்கு எத்தனை கிளாம்ப், எத்தனை போல்ட், எவ்வளவு இறுக்கம் என்று கம்பெனிகள் கறாராகச் சொல்கின்றன. லீக் இல்லாமல் பிடிக்க நாலு கிளாம்ப் போதும் என்பது உண்மை. அங்கேயும் நாலுதான் போட்டிருந்தார்கள். ஆனால் கம்பெனி கேட்கும் எண்ணிக்கை லீக்குக்காகச் சொல்லப்பட்டது அல்ல, பம்ப் உடைகிற நாளுக்காகச் சொல்லப்பட்டது. நல்லவேளை, பையன் மேஜைக்கு மறுபக்கம் நின்றிருந்தான். அன்றிலிருந்து எந்த லேபுக்குள் போனாலும் கேஜைப் பார்ப்பதற்கு முன் கிளாம்ப்பை எண்ணுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தக் கல்லூரி அடுத்து வாங்கிய சிஸ்டத்தில் கேட் வால்வு இருந்தது. என் அனுபவத்தில் டர்போவை வென்ட் பண்ணுவதில் மிகப் பத்திரமான முறை, அதை வென்ட் பண்ணாமலே இருப்பதுதான். கேட் வால்வை மூடிவிட்டு, டர்போ தன்பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டு, சேம்பருக்கு மட்டும் காற்று விட்டுச் சாம்பிளை மாற்றிக்கொள்ளலாம். பிறகு ரோட்டரியால் சேம்பரை முதலில் இழுத்து, அழுத்தம் நன்றாக இறங்கிய பின் கேட்டைத் திறக்க வேண்டும். கேட் வால்வின் விலையைப் பார்த்து முகம் சுளிக்கிற பர்ச்சேஸ் கமிட்டிகளிடம் நான் பேசிப் பேசிச் சலித்திருக்கிறேன்.

மனிதர் செய்யும் அவசரத்தைச் சொல்லித் திருத்தலாம். கரண்டை யார் திருத்துவது? 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு கூடிக்கொண்டே போய், 2012-ல் உச்சத்துக்கு வந்தது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலம். மணிக்கு ஒருமுறை போகும், மணிக்கு ஒருமுறை வரும். பரவையில் எங்கள் தெருவில் பம்புசெட்டுக்காரரிலிருந்து மாவு மில்காரர் வரை எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துப் பிழைப்பை ஓட்டினோம். அந்த இரண்டு மூன்று வருஷத்தில் நான் கழற்றிப் பார்த்த டர்போக்கள், அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் பார்த்ததைவிட அதிகம்.

சிக்கல் யு.பி.எஸ்.ஸிலிருந்துதான் தொடங்கும். எல்லோரும் விலை உயர்ந்தது எது என்று பார்த்து, கம்ப்யூட்டரையும் டர்போ கன்ட்ரோலரையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டுவார்கள். ரோட்டரி பம்ப் அரைக் குதிரைத்திறன் மோட்டார், ஸ்டார்ட்டாகும்போது யு.பி.எஸ்.ஸை உலுக்கும், அதனால் அதை நேராக இ.பி. லைனில் விட்டுவிடுவார்கள். கரண்ட் போனதும் டர்போ தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதன் முதுகைத் தாங்கிய ரோட்டரி மட்டும் நின்றுவிடும். பின்பக்க அழுத்தம் ஏறும், டர்போ திணறும், சூடாகும். ரோட்டரியின் உள்ளிருக்கும் தடுப்பு வால்வு தேய்ந்திருந்தால் எண்ணெய் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டு வரும். காஸ்ட்லியான கருவியைக் காப்பாற்ற வாங்கிய யு.பி.எஸ். அதையே கெடுத்தது. ரெண்டையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்ட வேண்டும், முடியாவிட்டால் ரெண்டையும் இ.பி.யில் விட்டுவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்லிவந்தது. நடுக்குழாயில் ஒரு சோலினாய்டு வால்வு போட்டு, கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும்படி ரோட்டரி லைனிலேயே இணைத்துவிட வேண்டும். அன்றைய விலையில் சில ஆயிரம் ரூபாய் வேலை.

அதைவிடச் சூட்சுமமானது தானியங்கி வென்ட் வால்வு. கரண்ட் இருக்கும்வரை மூடியிருக்கும், கரண்ட் போனால் திறந்துகொள்ளும் வகை. கரண்ட் போனால் பம்ப் நிற்கத்தான் போகிறது, எண்ணெய் ஏறுவதற்குள் காற்றை விட்டுவிடலாம் என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. வருஷத்துக்கு ஒருமுறை கரண்ட் போகும் ஊருக்கு அது பொருந்தும். இங்கே ரெண்டு விநாடி கண்ணடித்துவிட்டு வருகிற கரண்ட். அந்த ரெண்டு விநாடியில் முழு வேகத்தில் இருக்கும் ரோட்டர் மேல் காற்று விழுந்துவிடும். நல்ல கன்ட்ரோலர்களில், சுழலும் ரோட்டரின் வேகத்தையே மின்சாரமாக மாற்றிக்கொண்டு, சில விநாடி பொறுத்துப் பார்த்து, உண்மையிலேயே கரண்ட் போய்விட்டது என்றால் மட்டும் வால்வைத் துளித்துளியாகத் திறக்கும் ஏற்பாடு இருக்கும். ஆனால் அந்தத் தாமதத்தை எத்தனை விநாடி என்று யாராவது செட் பண்ண வேண்டுமே! பெட்டியைப் பிரித்து மாட்டிவிட்டுப் போகிறவர்கள் அந்த மெனுவைத் திறப்பதே இல்லை. அந்த வருஷங்களில் நான் போன இடங்களில் முதல் வேலையாக அதைத்தான் மாற்றினேன். தாமதம் வைக்க வழியில்லாத பழைய வால்வுகளைக் கழற்றிவிட்டு, கையால் திருகும் ஊசி வால்வு போட்டேன். கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். பம்ப்புகள் ஓடின.

காந்த பேரிங் வைத்த டர்போக்கள் வேறு ரகம். ரோட்டர் எதையும் தொடாமல் காந்தத்தில் மிதந்து ஓடும். கரண்ட் போனால் மிதக்கவும் முடியாதே? இப்போது வருபவை ரோட்டரின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, வேகம் நன்றாகக் குறையும்வரை மிதக்கவைத்துக்கொள்கின்றன. பழையவற்றில் கன்ட்ரோலருக்குள் பேட்டரி இருந்தது. நம் ஊர் வெயிலில் பூட்டிய அறைக்குள் இருக்கும் பேட்டரியின் ஆயுள் எவ்வளவு என்று ஸ்கூட்டர் வைத்திருக்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். பேட்டரி செத்ததே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் கரண்ட் போகும், ரோட்டர் முழு வேகத்தில் அவசர பேரிங் மேல் வந்து உட்காரும். அந்த அவசர பேரிங் அப்படி ஒருசில தடவை தாங்கத்தான் செய்யப்பட்டது. மின்வெட்டுக் காலத்தில் அது ஒரு வாரத்துக் கணக்கு.

டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியபோது ஒரு வேடிக்கை நடந்தது. மூன்று ஃபேஸ் ரோட்டரி பம்ப் வைத்த ஒரு தொழிற்சாலை. இ.பி. ஆட்கள் வேலை முடித்து லைன் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரெண்டு ஃபேஸ் இடம் மாறிப்போயிருந்தது. ரோட்டரி எதிர்ப்பக்கம் சுற்றி, இழுப்பதற்குப் பதிலாக எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளியது. டர்போவைத் திறந்தபோது பிளேடுகளிலிருந்து எண்ணெய் சொட்டியது. இத்தனைக்கும் அந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்து வயலில் இருந்த போர்வெல் ஸ்டார்ட்டரில் ஃபேஸ் மாறினால் மோட்டாரை ஓடவிடாத ரிலே இருந்தது. விவசாயி சொந்தக் காசில் வாங்கியிருந்தார். இங்கே அது இல்லை.

மழைக்காலத்துக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மதுரையில் சுவரே ஈரம் கசியும். சிலர் சோம்பல்பட்டு நைட்ரஜன் சிலிண்டரைத் திறக்காமல் அறைக்காற்றையே சேம்பருக்குள் விடுவார்கள். பம்ப்புக்கு உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் காற்றிலிருந்த ஈரம் சேம்பரின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதை மறுபடி உரித்து எடுக்க மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். காய்ந்த நைட்ரஜனால் வென்ட் பண்ணி, வேலையைச் சட்டென்று முடித்து மூடிய சேம்பர் மத்தியானத்துக்குள் வேலைக்குத் தயாராகிவிடும். அறைக்காற்றைக் குடித்தது மறுநாள் காலை வரை அடம்பிடிக்கும். அப்போது எனக்குப் போன் வரும்: "லீக் இருக்கு சார், ஹீலியம் டிடெக்டர் எடுத்துட்டு வாங்க." லீக் இருக்காது. தண்ணீர்தான். சிலிண்டரைப் பார்த்தால் சீல்கூட உடைபடாமல் இருக்கும்.

நைட்ரஜன் கொண்டுவரும் ஆபத்து வேறு. சிலிண்டருக்குள் 150 கிலோ அழுத்தம். ரெகுலேட்டரில் ரெண்டு கிலோவுக்கு வைத்துவிட்டு வால்வைத் திறந்து, டீ குடிக்கப் போய்விட்டால் சேம்பர் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு நிற்காது, அதையும் தாண்டி ஏறும். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி ஜன்னலின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர சென்டிமீட்டர். ஒரு கிலோ அழுத்தம் கூடுதலானால் அதன் மேல் 700 கிலோ சுமை, அதுவும் உள்ளிருந்து வெளியே. அந்த ஜன்னல் வெளியிலிருந்து உள்ளே அழுத்துவதைத் தாங்கச் செய்தது. ஆகவே வென்ட் லைனில் ஒரு ரிலீஃப் வால்வு கட்டாயம் வேண்டும். கதவின் கொக்கிகளை முன்பே தளர்த்தி வைத்தால் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைத் தொட்டவுடன் கதவு தானே விலகிச் சொல்லிவிடும். நைட்ரஜன் லைனுக்குச் சாதா ரப்பர் டியூப் போடுகிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அது ஈரத்தைத் தானே கசியவிடும், பிறகு எதற்குக் காய்ந்த வாயு?

ஏசி போட்டு அடைத்த சின்ன அறையில் நைட்ரஜனைத் திறந்துவிட்டுப் போவது இன்னும் மோசம். பத்தடிக்குப் பத்தடி அறையில், பத்தடி உயரத்துக்கு, 28 கனமீட்டர் காற்று இருக்கும். ஒரு பெரிய சிலிண்டரில் 7 கனமீட்டர் வாயு. முழுதும் கசிந்து கலந்தால் ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 16-க்குப் பக்கம் இறங்கிவிடும். வாசனை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. சிலிண்டரை வெளியே வராந்தாவில் கட்டி, செம்புக் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள் என்றால், அழகு கெடுகிறது என்று ஒரு கல்லூரி முதல்வர் மறுத்தார். அவரிடம் அழகைப் பற்றி வாதாட எனக்குத் தெம்பில்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போடவைத்துவிட்டு வந்தேன்.

இப்போது டர்போ இருப்பதே பலருக்குத் தெரியாது. பூச்சிமருந்து எச்சம் பார்க்கிற பரிசோதனைக் கூடம், மருந்துக் கம்பெனி, பெரிய ஆஸ்பத்திரி லேப் என்று எங்கே பார்த்தாலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். பரவை மார்க்கெட்டுக்கு லாரியில் வந்திறங்கும் காய்கறியில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானாலும் அப்படி ஒரு பெட்டிதான் வேண்டும். உள்ளே கைக்கு அடங்குகிற டர்போ, சில ரகங்கள் நொடிக்கு 1500 சுற்று. ஸ்க்ரீனில் "வென்ட்" என்ற பட்டனை அழுத்தினால் அதுவே ஹீட்டரை அணைத்து, சூடு ஆறும்வரை காத்திருந்து, வேகத்தை இறக்கிக் கடைசியில் வால்வைத் திறக்கிறது. முன்பு மனிதர் கையில் இருந்த பொறுமையை சாஃப்ட்வேருக்கு எழுதிவைத்துவிட்டார்கள். நல்லதுதான். அந்தப் பெட்டிகளில் வென்ட் பண்ணி உடைந்த டர்போவை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

ஆனால் சாஃப்ட்வேர் காத்திருப்பது ஏன் என்று தெரியாதவர்களுக்கு அந்த நேரம் வெறும் இடைஞ்சல். "பத்து நிமிஷமா சுத்திக்கிட்டே இருக்கு சார், ஹேங் ஆயிருச்சுன்னு நெனச்சு மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன்" என்று ஒரு பெண் சொன்னார். நல்ல படிப்பு, கருவியின் முடிவுகளை என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். உள்ளே ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பழைய, கழற்றிப்போட்ட ரோட்டர் ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருப்பேன். அதைக் கையில் கொடுத்தேன். விரலால் பிளேடைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மெல்லிசா?" என்றார். அதற்கப்புறம் நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை.

ரிப்பேரும் மாறிவிட்டது. முன்பு ஆயிலில் ஓடும் பேரிங் வகைகளை நாங்களே திறந்து, எண்ணெய் ஊறிய திரியை மாற்றி, தேவைப்பட்டால் பேரிங்கையும் மாற்றி ஓடவிடுவோம். இப்போது பெரும்பாலும் பெட்டியோடு அனுப்பிவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ரோட்டரை பேலன்ஸ் பண்ணாமல் ஓட்டுவது ஆபத்து என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கழற்றிப் பார்க்காத கைக்கு அது எதனால் கெட்டது என்பது தெரியாது. வளைந்த பிளேடு மேல்வரிசையில் இருக்கிறதா கீழ்வரிசையில் இருக்கிறதா என்று பார்த்தாலே காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஊகித்துவிடலாம். பேரிங் மட்டும் நீலம் பாய்ந்திருந்தால் கதை வேறு. இதையெல்லாம் எழுதிவைக்க ஆளில்லாமல் பெட்டிகள் கப்பலேறிப் போகின்றன. ரோட்டரிக்குப் பதிலாக எண்ணெயில்லாத ஸ்க்ரோல் பம்ப் வந்துவிட்டதால், நின்றபிறகு எண்ணெய் ஏறுமே என்ற பயம் பல இடங்களில் போய்விட்டது. அந்த மாற்றத்துக்கு என்னிடம் குறையே இல்லை. சீல் தேய்ந்த தூளைத் துடைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வருஷா வருஷம் மார்கழிக் கடைசியில் எனக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே கேள்வி: பொங்கலுக்கு ஒரு வாரம் லீவு, டர்போவை நிறுத்திவிட்டுப் போகவா, ஓடவிட்டுப் போகவா? தண்ணீரில் குளிரும் பம்ப், அந்தத் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க ஆளில்லை என்றால், நிறுத்துங்கள் என்பேன். அதற்கும் எண் ஐந்நூறுக்கு இறங்கும்வரை இருந்து, நைட்ரஜன் விட்டு, எல்லா வால்வையும் மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வேக்குவத்தோடு போட்டுவிட்டு ஓடக்கூடாது. காற்றில் குளிரும் பம்ப், கரண்ட் வசதி நன்றாக இருக்கிறது, கேட் வால்வு இருக்கிறது என்றால் கேட்டை மூடி ஓடவிடுங்கள். பேரிங்குக்கு ஒரே சீராக ஓடுவதைவிட நின்று நின்று கிளம்புவதுதான் சிரமம். ஏசியை அணைத்துவிட வேண்டாம், வாட்ச்மேனிடம் ரெட் லைட் எரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று நம்பர் எழுதிக் கொடுங்கள், ரோட்டரியின் எண்ணெய்க் கண்ணாடியில் மட்டம் நடுக்கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறையைப் பூட்டுங்கள்.